பெயர் பொறித்த பெட்டிகள்: ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலயத்து நிலவறை



இப்பல்கலைக்கழகத்தில் நிகழும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் தொல்லியல் சம்பந்தமான பொருள் எதுவாயினும் பேசலாம் என்று அறக்கட்டளையினர் எனக்கு முழு உரிமை தந்திருந்தும், ஆதிச்சநல்லூரையோ கொடுமணலையோ எடுத்துக்கொள்ளாமல், லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் இருக்கும் ஒரு தேவாலயத்தின் நிலவறையை நான் தேர்ந்துகொண்டது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் ஒன்றுதான். நம் நாட்டு முதுமக்கள் தாழிகளில் கிடைப்பவர்கள் பெயரற்றவர்கள்; அவர்களுடைய எலும்புகளைக் கையிலெடுத்து, இவர் ஆண், இவர் பெண், இவர் இறந்தபோது வயது நாற்பது என்று ஆய்வாளர் ஒருவர் எழுதிவைத்தால், அதை மறுத்துச் சொல்லத் தாழிக்குள்ளிருந்து எவரும் எழுந்து வரப்போவதில்லை. நான் சொல்லவந்த நிலவறையிலோ பல பெட்டிகளின்மேல் உலோகத் தகடு இருந்தது. அதில் உள்ளே கிடப்பவரின் பெயரும், இறந்த நாளும், இறந்தபோது இருந்த வயதும் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே, எலும்புகளைப் பரிசோதிக்கப் போன சாஸ்திரம் அங்கே தானே பரிசோதனைக்கு உள்ளாயிற்று. அப்பரிசோதனையில் அது எப்படித் தேறியது, எங்கே தவறியது என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

தேவாலயத்துக்கு அடியில் பிரேதங்களை அடக்கம் செய்யும் வழக்கத்தைப் பற்றி முதலில் ஒரு சொல். ஆலயத்தையும் மயானத்தையும் எட்ட வைத்தே பழகிய நமக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் அரசர்களையும் அரசியரையும் அடக்கம் செய்த இடத்தின்மேல் பள்ளிப்படைக் கோயில் எழுப்பிய சோழர் மரபு நம்முடையதுதான். இராசேந்திரன் தன் சிற்றன்னையருள் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்கு எழுப்பிய பள்ளிப்படை கும்பகோணத்துக்கு அருகே பழையாறைப் பகுதியில் இன்றும் நிற்கிறது. கிறிஸ்தவ உலகத்தில் இவ்வழக்கம் வேதசாட்சிகளின் கல்லறைமேல் பலிபீடம் அமைப்பதில் தொடங்கி, அவர்கள் அருகே தாமும் கிடக்கவேண்டும் என்ற பக்தியால் வளர்ந்து, பின்னாளில் பக்தி குறைந்து அந்தஸ்து மேலோங்கி, கட்டணம் செலுத்தக்கூடிய எந்தக் கனவானும் தன் குடும்பத்துக்கென்று ஓர் இடம் வாங்கிக்கொள்ளும் வியாபார ஏற்பாடாக முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஏழைகள் ஆலயத்தைச் சுற்றியுள்ள மண்ணில் புதைக்கப்பட்டார்கள்; வசதியுள்ளவர்கள் ஆலயத்தின் அடியில் வைக்கப்பட்டார்கள்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்பது நெசவாளர் பேட்டை. பிரான்சு தேசத்துப் புராட்டஸ்டண்டு மக்களுக்கு 1598-இல் நான்காம் ஹென்றி மன்னன் அளித்திருந்த மத சுதந்திர சாசனத்தை 1685-இல் பதினான்காம் லூயி ரத்துசெய்தபோது, ஹியூகனாட்டுகள் எனப்பட்ட அம்மக்களில் பல்லாயிரவர் கடல் கடந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்தனர். அவர்களுள் பட்டு நெய்வோர் லண்டன் நகர மதிலுக்குக் கிழக்கே, ஏற்கெனவே நெசவு நடந்துகொண்டிருந்த இந்தப் பகுதியில் குடியேறி, அதனை இங்கிலாந்தின் பட்டு நெசவுக்குத் தலைநகரம் ஆக்கினர். மாடியில் தறி, கீழே கடை, ஞாயிற்றுக்கிழமையில் பிரெஞ்சு மொழியில் பிரசங்கம் என்று வாழ்ந்த அந்தக் குடும்பங்களில் சில, இரண்டு தலைமுறைக்குள் பெருஞ்செல்வம் சேர்த்தன.

இந்த நெசவாளர்களுக்கும் நமக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. அதைச் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனமில்லை. சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற துறைமுகங்களிலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பல் கப்பலாக ஏற்றிச்சென்ற சாயத் துணிகளும் பூப்போட்ட சீட்டித் துணிகளும் லண்டன் மாதர்களுக்கு மிகவும் பிடித்துப்போனமையால், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தறிகளுக்கு வேலை குறைந்தது. 1719-ஆம் ஆண்டுக் கோடையில் நெசவாளர்கள் கூட்டங்கூட்டமாகத் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திவந்த பெண்களின் உடையைக் கிழித்தும், மையும் திராவகமும் அவர்கள்மேல் வீசியும் கலகம் செய்தனர். அச்சிட்ட இந்தியத் துணிகளின் இறக்குமதியை 1700-இலேயே தடுத்திருந்த பாராளுமன்றம், 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடைசெய்து மற்றொரு சட்டம் இயற்றியது. நம் பக்கத்து நெசவாளிக்கும் சாயக்காரனுக்கும் அச்சட்டங்களால் நேர்ந்த நஷ்டத்தை எழுதிவைத்தார் இல்லை. அக்கலகம் நடந்த தெருக்களின் நடுவே அப்போது பாதி எழும்பி நின்றுகொண்டிருந்த தேவாலயமே நான் சொல்லவந்தது.

லண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஐம்பது புதிய தேவாலயங்கள் கட்டவேண்டுமென்று 1711-இல் ஒரு சட்டம் பிறந்தது. ஐம்பது என்பது ஏட்டில்தான். கட்டி முடித்தவை ஒரு டஜன் அளவே. அவற்றுள் ஆறு, நிக்கொலஸ் ஹாக்ஸ்மூர் என்ற கட்டடச் சிற்பியின் கைவண்ணம். கிறிஸ்து ஆலயம் எனப்படும் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலயம் 1714-இல் தொடங்கி 1729-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பட்டு நெசவாளர்களின் சிறு வீடுகளுக்கு நடுவே அதன் வெள்ளைக் கல் கோபுரம் அளவுக்கு மீறிய கம்பீரத்தோடு எழுந்து நிற்கிறது. அதன் அழகைப் பற்றிக் கட்டடக்கலை வல்லார் வேண்டிய அளவு எழுதியிருக்கின்றனர். நமக்கு வேண்டியது அதன் அடித்தளத்திலுள்ள வளைவுக் கூரையிட்ட நிலவறைகள்.

பிரதிஷ்டை ஆன ஆண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நிலவறைகளில் பெட்டிகள் வந்து சேர்ந்தவண்ணம் இருந்தன. பெட்டி என்று ஒருமையில் சொல்கிறேனே ஒழிய, வசதியுள்ளவர்க்கு அது மூன்று பெட்டி. உள்ளே மரப்பெட்டி ஒன்று. அதில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள மரத்தூள் பரப்பி, அதன்மேல் சவத்தை வளர்த்தி மூடுவார்கள். அதைச் சுற்றி ஈயத்தகட்டால் ஓர் உறை. ஓரங்களை ஈயம் உருக்கிப் பற்றவைத்துக் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். அதற்கும் வெளியே, பார்வைக்கென்று மற்றொரு மரப்பெட்டி. அதற்கு வெல்வெட்டுத் துணி போர்த்தி, ஓரமெங்கும் வரிசை வரிசையாகப் பித்தளைக் குமிழாணி அடித்து, பிடிகளும் அலங்காரத் தகடுகளும் பொருத்துவார்கள். நெஞ்சுக்கு நேராக மூடியில் பெயர்த்தகடு. குழந்தையானால் வயது மாதக் கணக்கிலும் நாட் கணக்கிலும் எழுதப்பட்டிருக்கும்.

உள்ளே சுற்றிய துணியைப் பற்றி ஒரு விசேஷம். ஆட்டு ரோம வியாபாரத்தைக் காப்பதற்காக, இறந்தோரைக் கம்பளித் துணியிலன்றி வேறெதிலும் சுற்றிப் புதைக்கக்கூடாது என்று பதினேழாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட சட்டம் 1814 வரை ஏட்டில் இருந்தது. மீறினால் ஐந்து பவுன் அபராதம். அதில் பாதி, காட்டிக்கொடுத்தவனுக்கு. வாழ்நாளெல்லாம் பட்டிலே புழங்கிய நெசவுச் சீமான்கள் சட்டப்படி போவதானால் கம்பளியில்தான் போகவேண்டும்! பிற்காலத்தில் அச்சட்டத்தைப் பலரும் சட்டைசெய்யவில்லை என்பது வேறு விஷயம்.

நகரத்தின் நடுவிலுள்ள ஆலயங்களுக்கடியில் இப்படிப் பிரேதங்கள் குவிவது சுகாதாரத்துக்குக் கேடு என்ற கூக்குரல் காலரா நோய் பரவிய காலத்தில் வலுத்தது. 1852-ஆம் ஆண்டு அடக்கச் சட்டத்தின் விளைவாக லண்டன் ஆலய நிலவறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நிலவறையும் அடைபட்டது. பட்டுத் தொழில் நசித்தது. ஹியூகனாட்டுச் செல்வர்களின் சந்ததியார் நல்ல இடங்களைத் தேடிப் போய்விட்டனர். யூதர்கள் வந்தனர், அவர்களுக்குப்பின் வங்காளிகள் வந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சிய மக்கள் அந்நிலவறையில் வந்து பதுங்கினர். அடைத்த சுவர்களுக்கு அப்பால் இருந்தவர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

பாழடைந்து இடிக்கப்படும் நிலைக்கு வந்த ஆலயத்தைப் புதுப்பிக்க 1970-களில் அன்பர் குழு ஒன்று கிளம்பியது. திருப்பணி நடக்கவேண்டுமானால் நிலவறை காலியாகவேண்டும். சாதாரணமாக இத்தகைய வேலையை அதற்கென்றே உள்ள ஒப்பந்தக்காரர் சில வாரங்களில் முடித்து, பெட்டிகளை ஒரே குழியில் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார். அவ்வாறு லண்டனில் எத்தனையோ நிலவறைகள் காலி செய்யப்பட்டிருக்கின்றன. இங்கே மட்டும், எப்படியும் அகற்றத்தான் போகிறோம், முறைப்படி ஆராய்ந்து அகற்றுவோமே என்று வாதாடியவர்கள் வென்றார்கள். திருச்சபையின் அனுமதி பெற்று, 1984 முதல் 1986 வரை, ஜெஸ் ரீவ், மாக்ஸ் ஆடம்ஸ் முதலிய அகழாய்வாளர்கள் பெட்டி பெட்டியாகத் திறந்து பதிவு செய்தனர். எலும்புகளை ஆராயும் பொறுப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சார்ந்த தேயா மோல்சனுடையது; பெயர்த்தகடுகளை வைத்துக்கொண்டு ஏடுகளில் ஆட்களைத் தேடும் பணியில் முதன்மையாக உழைத்தவர் மார்கரெட் காக்ஸ். இவர்களுடைய அறிக்கை 1993-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

அகழாய்வு என்றவுடன் வெயிலில் அமர்ந்து தூரிகையால் மண்ணைத் தட்டுவதுதான் நம் நினைவுக்கு வரும். அங்கே வெயில் இல்லை, மண்ணும் அதிகமில்லை. மின்விளக்கு வெளிச்சத்தில், அடுக்கின்மேல் அடுக்காகச் சரிந்து, ஒன்றின் பாரத்தால் ஒன்று நசுங்கிக் கிடந்த பெட்டிகளின் நடுவே, முகமூடியணிந்து வேலை செய்தார்கள். சில பெட்டிகளில் பொடியான எலும்பு மட்டுமே இருக்கும். அடுத்த பெட்டியைத் திறந்தால் தலைமயிரும் தோலும் கெடாமல், நேற்றுப் படுத்தவர் போலக் கிடப்பார். ஈயத்தூள் சுவாசத்தோடு உள்ளே போவதால் வேலையாட்களின் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. இவற்றினும் பெரிய அச்சம் ஒன்றும் எழுந்தது. பெரியம்மை நோய் உலகத்தினின்றும் அறவே நீங்கிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980-இல் பிரகடனம் செய்திருக்க, அம்மை கண்டு இறந்தவர்களின் தோலோடு கூடிய சரீரங்கள் ஈயப்பெட்டிக்குள் அடைபட்டிருந்தால், அந்நோயின் வித்தும் உயிரோடு இருக்குமோ என்ற கேள்வி அது. மருத்துவர்கள் இதனைத் தனியே ஆராய்ந்து, 1988-இல் தொழில் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே எழுதினர். நல்லவேளையாக எவருக்கும் அம்மை வரவில்லை.

உடம்பைக் காத்துக்கொண்டாலும் மனத்தைக் காத்துக்கொள்வது எளிதாக இல்லை. பெயரில்லாத எலும்பைக் கையாளும்போது இல்லாத கலக்கம், பெயரும் வயதும் தெரிந்து, முகமும் ஓரளவு தெரியும் ஒரு குழந்தையைப் பெட்டியிலிருந்து தூக்கும்போது ஏற்பட்டதை அகழாய்வாளர்களே மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறார்கள். தொல்லியல் அறிக்கைகளில் ஆய்வாளரின் மனநிலைக்கு இடமளிப்பது அபூர்வம். இதற்கு இடமளித்ததை நான் அவர்களுடைய நேர்மைக்குச் சான்றாகவே கொள்கிறேன்.

மொத்தம் அகற்றப்பட்டோர் 968 பேர். அவர்களில் 387 பேருடைய பெட்டிகளில் பெயர்த்தகடு படிக்கும் நிலையில் இருந்து, இன்னார் என்று அடையாளம் தெரிந்தது. தகட்டில் எழுதியிருப்பதை அப்படியே வேதவாக்காகக் கொள்ளாமல், ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, உயில்கள் ஆகியவற்றோடு காக்ஸ் ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னாருக்கு இத்தனை பிள்ளைகள், இன்னார் இன்ன தொழில் என்பதெல்லாம் அப்படித் தெரியவந்தவை. பட்டு நெசவாளர் ஒருவரின் மகளாகப் பிரான்சில் பிறந்து, பொற்கொல்லர் சாமுவேல் கோர்ட்டால்டுக்கு வாழ்க்கைப்பட்டு, 1765-இல் விதவையான பின்னும் பட்டறையை நிறுத்தாமல், தம் பெயரிலேயே முத்திரை பதிவுசெய்து வெள்ளிப் பாத்திரத் தொழிலை நடத்திய லூயிசா கோர்ட்டால்டு அம்மையார் 1807-இல் அடக்கம் செய்யப்பட்டதும் இந்த ஆலயத்தில்தான். நிலவறையில் கிடந்தவர்கள் அரசரும் அல்லர், பரதேசிகளும் அல்லர், நடுத்தரத்தில் உயர்ந்தவர்கள். சரித்திரத்தில் தனிப்பட இடம்பெறாத இவ்வகுப்பாரின் பற்சொத்தையையும், பொய்ப்பற்களையும், முதுகெலும்பின் தேய்மானத்தையும் இவ்வளவு விவரமாக வேறெங்கும் நாம் அறிந்ததில்லை.

இனிப் பரிசோதனைக்கு வருவோம்.

வளர்ந்த மனிதருடைய எலும்பைக் கொண்டு வயதைக் கணிப்பதற்கு அக்காலத்தில் ஐரோப்பாவில் மதிப்புடன் வழங்கிய முறை, ஹங்கேரி நாட்டு அறிஞர்களான ஆச்சாதி, நெமெஷ்கேரி என்ற இருவர் வகுத்தது. நான்கு இடங்களைப் பார்க்கச் சொல்லும் முறை அது. மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் வரைகள் வயதேற ஏற மூடிக்கொள்ளும். எவ்வளவு மூடியிருக்கின்றன என்று பார்க்கவேண்டும். இடுப்பெலும்புகள் இரண்டும் முன்புறத்தில் சந்திக்கும் முகம் இளமையில் வரப்பும் வாய்க்காலுமாக மேடுபள்ளமிட்டிருந்து, முதுமையில் தேய்ந்து குழியும், அதைப் பார்க்கவேண்டும். தொடையெலும்பின் தலைப்பகுதியிலும் மேற்கையெலும்பின் தலைப்பகுதியிலும் உள்ளே இருக்கும் நுண்ணிய எலும்புப் பின்னல் நாளடைவில் அருகும். அதை எக்ஸ்ரே படத்தில் பார்க்கவேண்டும். நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் வயது கிடைக்கும் என்பது கொள்கை.

பெயர்த்தகட்டில் உள்ள வயது தெரியாமல் எலும்புகளை மட்டும் வைத்து வயது கணித்து, பிறகு தகட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். உண்மை வயதுக்கு ஐந்தாண்டு முன்பின்னாகச் சரியாகச் சொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. பத்தாண்டு முன்பின்னாக என்று வலையை அகல விரித்தால் பாதிப்பேர் அகப்பட்டனர். பதினைந்தாண்டு என்று இன்னும் அகலப்படுத்தியும் கால்வாசிப் பேர் வலைக்கு வெளியே நின்றனர். பிழை ஏதோ கைதவறி அங்குமிங்குமாக நேர்ந்ததானால் அது கூடியும் குறைந்தும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். அப்படியும் இல்லை. நாற்பது வயதுக்குள் இறந்தவர்களை இந்த முறை மூத்தவர்களாகக் காட்டியது. எழுபதைக் கடந்தவர்களை இளையவர்களாகக் காட்டியது. இளைஞரும் கிழவரும் நடுவயதை நோக்கி இழுக்கப்பட்டுவிட்டனர்.

இதன் பொருளைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். பழங்காலத்து மனிதர் நாற்பது ஐம்பதைத் தாண்டுவது அரிது, நரைத்த கிழவரைக் காண்பது அபூர்வம் என்ற கருத்து பாடப்புத்தகங்கள் வழியாக நம் மனத்தில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. அக்கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவனவற்றுள் பெரும்பகுதி, எழுத்தில்லாக் காலத்துப் புதைகுழி எலும்புகளில் செய்யப்பட்ட இத்தகைய கணிப்புகளே. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் தகடு இல்லாதிருந்தால், எழுபதும் எண்பதும் கண்ட அந்த நெசவாளர்களையும் நாம் அறுபதுக்குள் இறந்தவர்களாகக் கணக்கெழுதி, பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் முதியோர் அநேகமாக இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருப்போம். குழந்தைகள் சிறு வயதிலேயே திரள்திரளாக இறந்தது உண்மை. சராசரி ஆயுள் குறைந்திருந்ததற்கு முதற்காரணம் அதுவே. தப்பிப் பிழைத்து வளர்ந்தவர்கள் கிழவர்களாக வாழ்ந்ததும் உண்மை. எலும்பு சாஸ்திரம் முன்னதைச் சரியாகச் சொன்னது, பின்னதை மறைத்துவிட்டது.

ஏன் இப்படி நேர்ந்தது? இதற்கு விடையை நிலவறை திறக்கப்படுவதற்கு இரண்டாண்டு முன்பே, 1982-இல், போக்கே-அப்பேல், மாசே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஒரு கட்டுரையில் சொல்லிவிட்டனர். வயது தெரிந்த ஒரு கூட்டத்தாரின் எலும்புகளை மாதிரியாக வைத்துக்கொண்டே எந்த முறையும் வகுக்கப்படுகிறது. எலும்பின் தேய்மானத்துக்கும் வயதுக்கும் உள்ள சம்பந்தம் இறுக்கமானதன்று. ஐம்பது வயதில் ஒருவருக்கு நேர்ந்த தேய்மானம் மற்றொருவருக்கு எழுபத்தைந்தில்தான் நேரும். இந்நிலையில் புதிதாகக் கிடைத்த எலும்புக்கு வயது சொல்லப் புகுந்தால், மாதிரிக் கூட்டத்தாரில் எந்த வயதினர் மிகுதியோ அந்த வயதே விடையாக வந்து விழும். அதாவது, பழங்கால மக்கள்கூட்டம் ஒன்றின் ஆயுளை அளந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது, உண்மையில் மாதிரிக் கூட்டத்தின் வயதையே திரும்பப் படித்தது. பழங்கால மக்கட்கணக்கியலுக்கு விடைகொடுக்கலாம் என்னும் பொருளில் அவர்கள் கட்டுரைக்குத் தலைப்பே சூட்டினர். அத்துறையினர் கோபங்கொண்டு மறுப்புகள் எழுதினர். கோபம் நியாயமானதா என்பதைத் தீர்க்க வாதம் போதவில்லை; ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தகடுகள் வேண்டியிருந்தன.

சாஸ்திரம் எல்லா இடத்திலும் தோற்றுவிட்டதாக நீங்கள் எண்ணிவிடக்கூடாது. வளர்ந்தவர்களில் ஆண் பெண் பிரித்தறிவதில் அநேகமாகப் பிழையே நேரவில்லை. குழந்தைகளின் வயதைப் பல் முளைத்த அளவைக்கொண்டு சொன்னது உண்மைக்கு மிக நெருங்கியே வந்தது. பல் தன் காலத்தில் தவறாமல் முளைக்கிறது, எலும்போ அவரவர் உண்டதற்கும் உழைத்ததற்கும் தக்கபடி வளர்ந்து தேய்கிறது. இந்த வேறுபாட்டால், அக்குழந்தைகள் இக்காலத்துக் குழந்தைகளினும் வளர்ச்சி குன்றியிருந்தார்கள் என்பதும் தெளிவாயிற்று.

இன்னொரு நம்பிக்கையும் அங்கே சரிந்தது. பெண்களின் இடுப்பெலும்பில் காணும் சில பள்ளங்களும் தழும்புகளும் பிரசவத்தால் ஏற்பட்டவை, அவற்றை எண்ணிப்பார்த்து அப்பெண் பிள்ளை பெற்றவளா, எத்தனை பெற்றாள் என்றுகூடச் சொல்லிவிடலாம் என்று பலர் நெடுங்காலம் நம்பிவந்தனர். நீதிமன்றங்களுக்குப் போகும் மருத்துவ சாட்சியங்களிலும் இந்நம்பிக்கை நுழைந்திருந்தது. காக்ஸும் உடன் ஆய்ந்தவரும், பதிவேடுகளிலிருந்து ஒவ்வொரு பெண்ணும் பெற்ற மக்களின் எண்ணிக்கையை எடுத்து, இடுப்பெலும்புகளோடு வைத்துப் பார்த்தனர். பெயர்பெற்ற அப்பள்ளங்களுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சம்பந்தம் காணமுடியவில்லை. பல பெற்றவளுக்கும் தழும்பில்லை. ஒன்றும் பெறாதவளுக்கும் இருந்தது. நம் நாட்டில் இன்றும் சில நூல்களில் பழைய நம்பிக்கையே அச்சாகி வருவதைப் பார்க்கிறேன்.

வயது திட்டமாகத் தெரிந்த எலும்பு என்பதால், மருத்துவர்களுக்கும் ஒரு லாபம் கிடைத்தது. முதிய பெண்களின் தொடையெலும்பு அடர்த்தி குறைந்து முறியும் நோய் இன்றைக்கு எங்கும் பெருகியிருப்பதை அறிவீர்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பெண்களின் தொடையெலும்பை இக்காலப் பெண்களின் எலும்போடு ஒப்பிட்டு லான்செட் மருத்துவப் பத்திரிகையில் 1993-இல் வெளிவந்த ஆய்வு, இருநூறாண்டுக்கு முந்தியவர்களைவிட இக்காலத்தவர் எலும்பின் அடர்த்தியை விரைந்து இழக்கின்றனர் என்று காட்டியது. நின்று நடந்து உழைத்த வாழ்க்கைக்கும் நாற்காலி வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாடு இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

இறந்தோரை இப்படி எழுப்பிப் பரிசோதிப்பது தர்மமா என்று கேட்பவர்கள் இங்கும் இருக்கக்கூடும். அது நியாயமான கேள்வி. பணம் கொடுத்து, நியாயத்தீர்ப்பு நாள்வரை அசையாமல் கிடப்போம் என்ற நம்பிக்கையோடு படுத்தவர்கள் அவர்கள். எலும்புக்காகவே ஒரு கல்லறையைத் திறப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். திறந்தே தீரவேண்டிய அவசியம் வந்தபின், பாரவண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவதைவிட, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எடுத்து, அவர் யார் என்று தேடி எழுதிவைத்தது மரியாதைக் குறைவு ஆகாது என்பதே என் அபிப்பிராயம்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸுக்கு முன்னோடி ஒன்றும் உண்டு. லண்டன் பிளீட் தெருவிலுள்ள புனித பிரைடு ஆலயம் 1940 டிசம்பர் 29-ஆம் நாள் ஜெர்மானியர் குண்டால் எரிந்தது. யுத்தத்துக்குப்பின் அங்கே அகழ்ந்த கிரைம்ஸ் என்ற பேராசிரியர், ரோமானியர் காலத்து எச்சங்களோடு, மூடிய நிலவறைகளில் பெயர்த்தகட்டோடு கூடிய ஈயப்பெட்டிகளையும் கண்டார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் அவற்றுள் ஒன்றில் கிடந்தார். பெயர் தெரிந்த அவ்வெலும்புகளும் இன்றுவரை ஆய்வாளர்க்கு உரைகல்லாகப் பயன்படுகின்றன.

சென்னப்பட்டணத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பின்னாளில் சட்டக்கல்லூரிக் கட்டடம் எழுந்த இடத்தில்தான் கம்பெனியாரின் பழைய கல்லறைத் தோட்டம் இருந்தது. 1758-ஆம் ஆண்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த பெருங்கல்லறைகள் அவனுடைய படைக்கு மறைவிடமாக உதவின. முற்றுகை நீங்கியதும், மீண்டும் அவ்வாறு நேரக்கூடாதென்று அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் கோட்டைக்குள்ளிருக்கும் புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுவந்து அதைச் சுற்றிப் பரப்பிவிட்டனர். 1680-இல் பிரதிஷ்டையான அவ்வாலயத்துக்கு இன்று போகிறவர்கள் மிதித்துச் செல்லும் கற்களுக்கு அடியில், அக்கற்களுக்கு உரியவர்கள் இல்லை. கோட்டையின் ஆளுநராயிருந்த எலிஹு யேலின் மனைவிக்கு முதற்கணவராயிருந்த ஜோசப் ஹின்மர்ஸும் யேலின் மகன் டேவிடும் கிடக்கும் கல்லறையைப் போன்ற ஓரிரண்டு மட்டும் அப்போது பழைய இடத்திலேயே தப்பின. மற்றவர்களுக்கோ பெயர் ஓரிடம், உடம்பு ஓரிடம். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி 1905-இல் சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து அச்சிட்டிராவிட்டால், பெயரிலும் பல அழிந்தே போயிருக்கும்.

இந்த வரலாற்றை உங்கள்முன் விரித்ததற்கு என் நோக்கம் லண்டன் நெசவாளரின் எலும்பு பற்றிய விநோதம் அன்று. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை 1930-இல் சுக்கர்மன் என்ற அறிஞர் ஆராய்ந்து எழுதிய காலம் முதல், கொந்தகைத் தாழிகள் திறக்கப்படும் இந்நாள் வரையில், தமிழ்நாட்டுப் புதைகுழி எலும்புகளைப் பற்றி நாம் படித்துவருகிறோம். பத்திரிகைகளில் ‘முப்பத்தைந்து வயது ஆண்’ என்று ஒற்றை எண் அச்சாகும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த முறை இருக்கிறது, எந்தத் தேசத்து மாதிரியைக் கொண்டு அது வகுக்கப்பட்டது, முன்பின் எத்தனை ஆண்டு என்று வாசகர் கேட்பதில்லை, எழுதுபவரும் சொல்வதில்லை.

எனவே இரண்டு வேண்டுகோள்களோடு என் உரையை முடித்துக்கொள்கிறேன். நம் அகழாய்வு அறிக்கைகளை எழுதும் அறிஞர்கள், வளர்ந்தோர் வயதை ஒற்றை எண்ணாக எழுதாமல், இத்தனையிலிருந்து இத்தனைவரை என்று எல்லை காட்டி, பயன்படுத்திய முறையின் பெயரையும் சேர்த்து எழுதவேண்டும். அடுத்து, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், பாளையங்கோட்டை முதலிய ஊர்களின் பழைய திருச்சபைகளில் இருக்கும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கறையான் வாயில் விடாமல் படமெடுத்து வைக்கும் பொறுப்பை இப்பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறை மேற்கொள்ளவேண்டும். அதற்கு வேண்டிய பணம் பெரிதன்று. இரண்டு மாணவர்களும் ஒரு நல்ல காமிராவும் போதும்.